மூன்று வரியில் சொல்லிவிட்டால் தீர்ந்ததா?

மார்ச் 1
(ஒரு வாசகர் கேட்டது, அப்படியே)

"ஒருத்தர் ஒரு வருஷம் முழுக்க மணிக்கு ஒரு தடவை நேர அட்டையை பஞ்ச் அடித்தார். இன்னொருத்தர் உப்பு ஏரிக்குள் கருங்கல்லைச் சுழல் மாதிரி கொட்டினார். ஒரு ரோபோ கை தரையில் பரவும் சிவப்புத் திரவத்தை ஓயாமல் வழித்துக்கொண்டே இருந்தது. மூன்று படைப்பை மூன்று வரியில் சொல்லிவிட்டேன், கேட்டவர்களுக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தும்விட்டது. ஒரு பாட்டையோ ஓவியத்தையோ இப்படிச் சொல்லித் தீர்த்துவிட முடியுமா? சொன்னாலே முடிந்துபோகிற ஒன்றை எதற்கு மெனக்கெட்டுச் செய்ய வேண்டும், எதற்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும்?"

மார்ச் 2

முதலில் தோல்வியை ஒத்துக்கொண்டுவிடுகிறேன், அப்புறம் சண்டைக்கு வருகிறேன். இந்த மாதிரிக் கலையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற ஆள் நான். பேசுவதில் பத்தில் ஒன்பதை நேரில் பார்த்ததில்லை. புகைப்படம், வீடியோ, யாரோ எழுதிய குறிப்பு, இவ்வளவுதான் கையிருப்பு. நேற்று ராத்திரி உட்கார்ந்து பட்டியல் போட்டுப் பார்த்ததில் கொஞ்சம் வெட்கமாகவே போய்விட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் கட்சிக்கே பலம் சேர்க்கிற மாதிரி. அந்த உப்பு ஏரிச் சுழல், ராபர்ட் ஸ்மித்சனின் ஸ்பைரல் ஜெட்டி, 1970 ஏப்ரலில் அமெரிக்காவில் யூட்டாவின் கிரேட் சால்ட் ஏரியில் கட்டியது. நீளம் சுமார் 460 மீட்டர், கல்லும் மண்ணுமாக 6,000 டன்னுக்கு மேல். கட்டி இரண்டு வருஷத்திலேயே ஏரி மட்டம் ஏறி அதை முழுங்கிவிட்டது. ஸ்மித்சன் 1973இல் 35 வயதில் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். சுழல் நன்றாகத் தலை தூக்கியது 2002 வாக்கில். நடுவில் கிட்டத்தட்ட முப்பது வருஷம் அதைப் பற்றிப் பாடம் நடத்தியவர்கள், கட்டுரை எழுதியவர்கள், கைகலப்பு வரை போனவர்கள் எல்லாருமே படத்தையும் கதையையும் வைத்துக்கொண்டுதான் பேசியிருக்க வேண்டும். தண்ணீருக்கு அடியில் இருந்த ஒரு பொருள் அத்தனை காலம் பேரோடும் புகழோடும் இருந்திருக்கிறது என்றால் பொருள் எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

ரிச்சர்ட் லாங் கதையும் அப்படித்தான். 1967, மாணவர், வயது 22. லண்டனிலிருந்து ரயிலேறி வெளியே போய், ஒரு புல்வெளியில் போவதும் வருவதுமாக நடந்து நடந்து புல்லை மடித்து ஒரு கோடு போட்டார். படம் எடுத்தார், திரும்பிவிட்டார். புல் சில நாளில் எழுந்திருக்கும். மிச்சம் அந்த ஒற்றைப் படம். அதை நேரில் பார்க்கிறேன் என்று யார் கிளம்பினாலும் எங்கே போவார்கள்?

சரி, இன்றைக்கு நீங்கள் ஜெயித்தாயிற்று.

மார்ச் 2, ராத்திரி

ஒரே ஒரு முனகல். "கருங்கல்லைச் சுழல் மாதிரி கொட்டினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொட்டியது லாரிகள். அந்த லாரிகளைச் சேற்றுக்குள் இறக்க யாரையாவது சம்மதிக்க வைத்திருக்க வேண்டுமே, எனக்கு அந்தப் பேச்சுவார்த்தையைக் கேட்டிருக்க ஆசை.

மார்ச் 5

ரோபோ விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு ஒரு அசிங்கம் இருக்கிறது, சொல்லிவிட்டால் நிம்மதி.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்தச் சின்ன வீடியோ சுற்றி வந்தது ஞாபகம் இருக்கும். பின்னணியில் சோகமான பியானோ. ஒரு பெரிய ரோபோ கை, சுற்றிலும் ரத்தம் மாதிரி ஒரு குளம். கீழே ஓடும் எழுத்து சொல்கிறது: இந்த ரோபோவின் உடம்பிலிருந்து ஒழுகும் ஹைட்ராலிக் திரவம் இது, இது போய்விட்டால் ரோபோ செத்துவிடும், அதனால் உயிர் பிழைக்க அள்ளி அள்ளித் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறது, ஆரம்பத்தில் உற்சாகமாக ஆடியது, இப்போது களைத்துவிட்டது, கடைசியில் 2019இல் செத்துப்போனது. நான் அழுதேன். படுக்கையில் படுத்துக்கொண்டு போனை முகத்துக்கு மேலே பிடித்தபடி, காதுக்குள் கண்ணீர் இறங்குகிற அளவுக்கு. இருபது முப்பது பேருக்கு அனுப்பியும் வைத்தேன்.

பாதிக்கு மேல் கட்டுக்கதை. சுன் யுவான், பெங் யூ என்ற இருவர் 2016இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்காகச் செய்தது அது. கார் தொழிற்சாலையில் நிற்கிற ரக மின்சார ரோபோ, திரவம் இல்லாவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. அந்தத் திரவம் கெட்டியாக்கிச் சாயம் சேர்த்த தண்ணீர். அது ஒரு எல்லையைத் தாண்டி வழிந்தால் சென்சார் பார்த்துச் சொல்லும், கை போய் வழித்துக் கொண்டுவரும். நடுநடுவே 32 விதமான அசைவுகள் பழக்கியிருக்கிறார்கள், அதில் ஒன்றுக்குப் பெயர் 'அரிப்பைச் சொறிதல்'. செத்துப்போனது என்பது 2019 வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சி முடிந்து சுவிட்சை அணைத்தது. களைத்த ரோபோ என்று நான் கண்ணீர் விட்டது வீடியோவை வெட்டி ஒட்டிய கைக்காரரின் திறமைக்கு.

இப்போது உங்கள் மூன்று வரிக்கு வாருங்கள். சொல்லித் தீர்த்துவிடலாம் என்கிறீர்கள். யார் சொல்வது? சொல்கிறவர் கையில் போனதும் அது வேறு ஒன்றாகிவிட்டது, அந்த வேறு ஒன்றுதான் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் வெட்டாத பதிவு ஒன்றைத் தேடிப் பிடித்து, பாட்டை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் பார்த்தேன். முதலில் சலிப்பு. பத்து நிமிஷம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: வழித்துக் கொண்டுவந்த கை சட்டென்று திரும்பும்போது அதன் நுனியிலிருந்து துளிகள் தெறித்து எதிரே உள்ள கண்ணாடிச் சுவரில் அடிக்கின்றன. சுவர் முழுக்க அந்தத் தெறிப்புதான். தரையைச் சுத்தம் செய்கிற அந்த அசைவுதான் சுவரை அசிங்கப்படுத்துகிறது. இதை எந்தக் குறிப்பிலும் நான் படிக்கவில்லை.

(இப்போது ஒரே வரியில் எழுதிவிட்டேனே என்று வருவீர்கள். தெரியும்.)

மார்ச் 6

"அப்போது பொய்க்கதைக்கு வந்த அழுகையும் பொய்யா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். அழுகை நிஜம்தான் சார். ரோபோவுக்கு வந்த அழுகை இல்லை, அவ்வளவுதான். அந்த வாரம் எனக்கு வேலையில் ஒரு பிரச்சினை, தினமும் எதையோ அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த வீடியோ இல்லாவிட்டால் ஏதாவது ஒரு விளம்பரத்தைப் பார்த்தும் அழுதிருப்பேன்.

மார்ச் 9

நேரில் பார்த்த பத்தில் ஒன்றையாவது எழுதுகிறேன்.

இதயத் துடிப்பு பல்புகள். ரஃபேல் லொசானோ-ஹெம்மர் 2006இல் செய்த 'பல்ஸ் ரூம்' வழியில் அமைத்த ஒரு இருட்டு அறை. மேலே வரிசை வரிசையாக மஞ்சள் பல்புகள் தொங்கும், ஒரு ஓரத்தில் இரண்டு உலோகக் கைப்பிடிகள். பிடித்தால் உங்கள் துடிப்பை எடுத்து முதல் பல்பு அதே தாளத்தில் மின்னும். கையை விட்டதும் அறை முழுக்க ஒரு நொடி இருட்டு, பிறகு எல்லாத் துடிப்பும் ஒரு பல்பு முன்னால் நகரும், கடைசியில் இருந்தது விழுந்துவிடும். குறிப்பில் படித்தது இதுதான், படித்தபோதே அழகாக இருந்தது, போகாமல் இருந்திருந்தாலும் இதே மூன்று வரியைப் பலருக்குச் சொல்லியிருப்பேன்.

நடந்தது வேறு. என் துடிப்பை அது எடுக்கவே இல்லை. முன்னால் பிடித்தவரின் வியர்வை கைப்பிடியில் ஈரமாக இருந்தது, துடைத்துவிட்டுப் பிடித்தேன், ஒன்றும் இல்லை. இறுக்கிப் பிடித்தேன், ஒன்றும் இல்லை. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். உயிரோடு இருக்கிறேனா என்று சந்தேகம் வருகிற நிலைமை. அங்கே நின்ற ஊழியப் பெண் பழகிய குரலில் "கை ஜில்லென்று இருக்கும், நன்றாகத் தேய்த்துவிட்டுப் பிடியுங்கள், இறுக்காதீர்கள்" என்றாள். தேய்த்துப் பிடித்தேன், பல்பு படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அவ்வளவு வேகமாகவா? பின்னால் நின்றவர்கள் எல்லாம் மேலே பார்த்தார்கள். பதற்றத்தை மறைத்துக்கொண்டு சாதாரணமாக நிற்கப் பார்க்கிற ஒருவனின் தலைக்கு மேலே அவன் பதற்றம் விளக்கு போட்டுக் காட்டுகிறது, இப்படி ஒரு அவமானம் எனக்கு அதுவரை நேர்ந்ததில்லை.

அப்புறம் ஒதுங்கி நின்று என் பல்பைத் தொடர ஆரம்பித்தேன். அடுத்த ஆள் பிடித்ததும் நான் இரண்டாவது பல்பு. அடுத்து மூன்றாவது. வரிசை தாண்டி, மூலை திரும்பி. நடுவில் ஒரு குழந்தையின் துடிப்பு வந்து சேர்ந்தது, என்னுடையதையும் மிஞ்சிய வேகம், கொஞ்சம் ஆறுதல். பிறகு கூட்டம் வடிந்துவிட்டது. யாரும் வரவில்லை. என் பல்பு பாதி வழியில் நின்று அதே இடத்தில் மின்னிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உறைத்தது: யாராவது வந்தால்தான் நான் நகர்வேன், யாரும் வராவிட்டால் நான் அங்கேயே இருப்பேன். வெளியேறாமல் இருப்பதற்கு ஒரே வழி தனியாகக் கிடப்பது. நாற்பது நிமிஷம் அங்கேயே நின்று பார்த்தேன். மூடும் நேரம் வந்துவிட்டது, என் பல்பு விழுவதைப் பார்க்காமலே வந்தேன்.

'ஒரு பல்பு முன்னால் நகரும்' என்ற வரியில் இது எங்கே இருந்தது?

மார்ச் 9, இரண்டு மணி நேரம் கழித்து

நாற்பது நிமிஷம் நின்றேனா என்று நக்கலாகக் கேட்டவருக்கு: உட்கார்ந்தேன். ஓரத்தில் திண்டு இருந்தது. நின்றேன் என்று எழுதியது பெருமைக்கு.

மார்ச் 10

அந்த ஊழியப் பெண்ணைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் "தேய்த்துவிட்டுப் பிடியுங்கள்" என்று சொல்லியிருப்பாள். கருவி ஒழுங்காக வேலை செய்திருந்தால் அவளுக்கு அந்த அறையில் வேலையே இல்லை.

தொழில்நுட்பத்தை வைத்துச் செய்த கலையில் பெரிய கூத்தே இதுதான், பழுது. நாம் ஜூன் பைக் என்ற கலைஞர் 1988இல் கொரியாவின் குவாச்சன் அருங்காட்சியகத்தில் 1,003 டிவிப் பெட்டிகளை அடுக்கி ஒரு கோபுரம் கட்டினார். எல்லாம் குண்டு பிக்சர் டியூப் பெட்டிகள். ஒவ்வொன்றாக அவிந்தன, மாற்றினார்கள், மறுபடி அவிந்தன. கடைசியில் தீப்பிடிக்கும் என்று பயந்து 2018இல் மொத்தத்தையும் அணைத்துவிட்டார்கள். பழுது பார்த்து, சிலவற்றில் தட்டைத் திரை வைத்து, 2022இல் மறுபடி ஏற்றினார்கள். தட்டைத் திரை வைத்த பிறகு அது அதே படைப்பா என்று ஒரு தனிச் சண்டை உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் இல்லை. பழைய பிக்சர் டியூப்களை உலகம் முழுக்கத் தேடி அலைகிறவர் யாரோ அவரோடு ஒரு நாள் சுற்ற வேண்டும் என்பதுதான் ஆசை.

இதற்கு நேர் எதிர் ழான் டிங்கலி. 1960 மார்ச்சில் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத் தோட்டத்தில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஒரு இயந்திரத்தை ஓடவிட்டார். சைக்கிள் சக்கரம், பழைய மோட்டார், ஒரு பியானோ. 27 நிமிஷம் ஓடியது, தீப்பிடித்தது, தீயணைப்பு ஆட்கள் வந்து அணைத்தார்கள். சாகச் சொன்னது ஒழுங்காகச் சாகவில்லை, வாழச் சொன்னது ஒழுங்காக வாழவில்லை.

வால்டர் டி மரியாவின் மண் அறையும் இதில் சேர்த்திதான், தொழில்நுட்பம் ஒன்றும் இல்லாவிட்டாலும். நியூயார்க்கில் ஒரு கட்டடத்தின் மாடி முழுக்க மண், 127 டன், முழங்காலைத் தாண்டும் உயரம், 1977இலிருந்து. நட்டது எதுவும் இல்லை. வெறும் மண். அதற்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், வாரிச் சமன் செய்ய வேண்டும், முளைக்கிற காளானைப் பிடுங்க வேண்டும். பார்க்கிறவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். அந்த அறைக்குள் நடக்கிற ஒரே ஆள் வாருகோலோடு வருகிறவர்தான். அவர் செய்வதை நிகழ்த்துக்கலை என்று ஏன் யாரும் சொல்வதில்லை?

மார்ச் 14

பேச்சு போதும் என்று நேற்றுக் காலை போய் ஒரு கோடு போட்டேன். ரிச்சர்ட் லாங் செய்ததேதான், அதாவது திருட்டு.

ஒரு பொதுப் புல்வெளி, ஓரமாக ஆள் அரவம் குறைந்த பகுதி. ஒரு மரத்தைக் குறி வைத்து நேராக நடப்பது, திரும்புவது, நடப்பது. முதல் இருபது தடவை வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. புல் மடிகிறது, நான் திரும்பி வருவதற்குள் எழுந்துவிடுகிறது. நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. நேராக நடப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. என் வலது கால் கொஞ்சம் வெளியே போகிறது போலிருக்கிறது, கோடு மெல்ல வில்லாக வளைய ஆரம்பித்தது, வளைவைச் சரிசெய்யப் போய் அகலமாகிவிட்டது.

நடக்கிறபோது கோடு கண்ணுக்குத் தெரியவே இல்லை. காலுக்குக் கீழே வெறும் புல். ஒரு முனையில் போய்த் திரும்பி, அதுவும் சூரியன் எதிரே இருக்கிற முனையில், குனிந்து பார்த்தால்தான் மடிந்த புல் வெளிச்சத்தை வேறு மாதிரி திருப்பி அனுப்புவதால் ஒரு வெள்ளிப் பட்டை மாதிரி தெரிகிறது. மறு முனைக்குப் போனால் காணாமல் போய்விடுகிறது. அவர் எடுத்த படத்தில் கோடு அவ்வளவு பளிச்சென்று இருப்பதற்கு நடந்தது மட்டும் காரணமில்லை, எங்கே நின்று எடுத்தார், எந்த வெளிச்சத்தில் எடுத்தார் என்பதும் பாதிக் காரணம். இது ஐம்பது தடவை நடந்த முழங்காலுக்குத்தான் புரியும்.

இனிதான் விஷயம். அரை மணி நேரம் ஆகியிருக்கும். வயதான ஒருவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர், கிட்டே வந்து "எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்றார்.

கலை செய்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன்.

அவரும் தேட ஆரம்பித்துவிட்டார். என் பக்கத்திலேயே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, போவதும் வருவதுமாக. என்ன பொருள் என்றுகூடக் கேட்கவில்லை. கால் மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். அவர் கால் கனமான கால், கோடு அப்போதுதான் நன்றாக விழுந்தது.

மார்ச் 15

ஒரு திருத்தம். 2ஆம் தேதி லாங்கின் கோட்டைப் பற்றி "மிச்சம் அந்த ஒற்றைப் படம்" என்று எழுதி உங்கள் கட்சிக்கு எழுதிக் கொடுத்தேன், அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், பாதியளவு. படம் நமக்குக் கிடைத்த மிச்சம். அவருக்கு முழங்கால் வலி கிடைத்திருக்கும்.

இன்று காலை போய்ப் பார்த்தேன், என் கோடு அடையாளமே இல்லை. இருபது அடி தள்ளி, ஜனங்கள் குறுக்கு வழியாக நடந்து நடந்து தேய்த்த ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. மண் தெரிகிறது, லேசான வளைவு, அருமையான கோடு. பேரில்லாமல் கிடக்கிறது.

மார்ச் 19

பஞ்ச் அட்டை. இதைத்தான் கடைசியாக வைத்திருந்தேன்.

டெச்சிங் ஷே. நியூயார்க்கில் 1980 ஏப்ரல் 11 முதல் 1981 ஏப்ரல் 11 வரை, இரவு பகல் பாராமல் மணிக்கு ஒரு தடவை பஞ்ச் அடித்து, ஒவ்வொரு தடவையும் ஒரு ஃபிரேம் படம் எடுத்துக்கொண்டார். ஆரம்பத்தில் மொட்டை போட்டுக்கொண்டார். எல்லா ஃபிரேமையும் ஓடவிட்டால் ஒரு வருஷம் ஆறு நிமிஷத்தில் முடிகிறது, முடி மட்டும் வளர்ந்து தோளுக்கு இறங்குகிறது.

நான் ஒரே ஒரு நாள் செய்து பார்த்தேன். சனிக்கிழமை காலை ஆறு மணி தொடங்கி ஞாயிறு காலை ஐந்து வரை 24 தடவை. பஞ்ச் இயந்திரம் ஏது, சுவரில் ஒரு தாள் ஒட்டி அதில் கையெழுத்து, போனில் ஒரு படம். ஷே செய்ததில் முந்நூற்று அறுபத்தைந்தில் ஒரு பங்கு, அதுவும் வீட்டு வசதியோடு.

பஞ்ச் அடிப்பது வேலையே இல்லை, பத்து வினாடி. நடுவில் இருக்கிற ஐம்பத்தொன்பது நிமிஷம்தான் ஆளைக் கொல்கிறது. எதையும் ஆரம்பிக்க முடியவில்லை. வெளியே கிளம்பினால் முக்கால் மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதால் தெருமுனைக்கு அப்பால் உலகம் இல்லாமல் போய்விட்டது. பகல் ஒரு மணிக்குப் பிறகு நான் கடிகாரத்துக்குக் காத்திருக்கிறேனா கடிகாரம் எனக்குக் காத்திருக்கிறதா என்பதே குழம்பிவிட்டது. "மணிக்கு ஒரு தடவை" என்று நீங்கள் எழுதிய மூன்று சொல்லுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி இருக்கிறதே, படைப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது, அதைச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு வருஷம் ஆகும்.

நான் தவறவிட்டது இரண்டு. மாலை நாலு மணி, போனில் பேசிக்கொண்டிருந்தேன், ஆறு நிமிஷம் தாமதம். விடிகாலை நாலு மணி, தூக்கம், அலாரத்தை அணைத்ததுகூட நினைவில்லை.

ஷேவும் தவறவிட்டிருக்கிறார். மொத்தம் 8,760இல் 133. அதை மறைக்காமல், காரணத்தோடு கணக்கு வைத்திருக்கிறார்: தூக்கத்தில் விட்டது 94, தாமதமானது 29, முன்கூட்டியே அடித்தது 10. தூக்கமும் தாமதமும் சரி, யாருக்கும் புரியும். முன்கூட்டி அடித்த பத்து? பல வருஷமாக இந்தப் பத்து எனக்குப் புதிர். மணி பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிற ஒருவர் எப்படி முன்னால் போய் அடிப்பார்?

மார்ச் 19, சற்று நேரத்தில்

மேலே இரண்டு என்று எழுதியது தப்பு. தாளை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். விடிகாலை மூன்று மணிக் கையெழுத்துக்கான படத்தில் போன் காட்டுகிற நேரம் 2:52. எழுந்ததும் நினைவிருக்கிறது, திடுக்கிட்டு, போச்சு விட்டுவிட்டோம் என்ற பயத்தில் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டேன். மணி பார்க்கவே இல்லை. ஆக மூன்று.

அந்தப் பத்தும் இப்படித்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆனால் என்னுடையது இப்படித்தான் நடந்தது.

மார்ச் 20

"நீங்கள் செய்தது விளையாட்டு, அவர் செய்தது வேறு" என்று ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். சரிதான். மறுப்பே இல்லை. ஞாயிறு மதியம் நான் ஆறு மணி நேரம் தூங்கினேன்.

அதே மூச்சில் மரினா அப்ரமோவிச்சைப் பற்றியும் கேட்டிருக்கிறார். 2010இல் நாற்காலியில் உட்கார்ந்து எதிரே வந்து உட்கார்ந்தவர்களைப் பேசாமல் பார்த்தது, எதிரே இருந்தவர்கள் அழுதது. மூன்று மாசத்துக்குக் கிட்ட, மொத்தம் 700 மணி நேரத்துக்கு மேல், சிரமம்தான், மதிக்கிறேன். ஆனால் பிரபலமான ஒரு முகத்துக்கு முன்னால், கேமரா ஓடும்போது, மணிக்கணக்காக வரிசையில் நின்ற பிறகு உட்கார்ந்தால் எனக்கும் அழுகை வரும், அதில் எவ்வளவு அவர் பார்வை எவ்வளவு கால்வலி என்று எப்படிப் பிரிப்பது? 1974இல் நேப்பிள்ஸில் 72 பொருள்களை மேசையில் வைத்துவிட்டு ஆறு மணி நேரம் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று நின்றாரே, அது பயங்கரம். அந்தக் கதையைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் பயங்கரமாகி வருகிறது, அதுதான் எனக்கு இடிக்கிறது. ரோபோவிடம் ஏமாந்தவன் நான்.

மார்ச் 27

நிலக்கலையில், அதாவது ஸ்மித்சன் மாதிரி நிலத்தையே வைத்துச் செய்கிற கலையில், பிடித்தது பிடிக்காதது கேட்டிருந்தீர்கள். சுருக்கமாக. மைக்கேல் ஹைசர் 1969இல் நெவாடாவில் 2,40,000 டன் பாறையைப் பெயர்த்து மேட்டைப் பிளந்தது எனக்குப் பிடிக்காது, படமும் பிடிக்காது கதையும் பிடிக்காது. பிரான்சிஸ் அலிஸ் 2002இல் லிமாவுக்கு வெளியே 500 பேரை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு மண்வெட்டி கொடுத்து ஒரு மணல்குன்றை 10 மீட்டர் நகர்த்தியது பிடிக்கும். ஜெர்மன் கலைஞர் ஜோசப் பாய்ஸின் 7,000 மரங்கள் ரொம்பப் பிடிக்கும். 1982இல் காசல் நகரில் அருங்காட்சியகத்துக்கு முன்னால் 7,000 கல்லைக் குவித்துவிட்டு, ஒரு மரம் நட்டால் அதன் பக்கத்தில் நட ஒரு கல்லை எடுக்கலாம் என்றார். குவியல் கரைந்தால்தான் ஊர் மரமாகும். 1986இல் அவர் இறந்தபோது குவியல் இன்னும் தீரவில்லை, கடைசி மரத்தை அடுத்த வருஷம் அவர் மகன் நட்டார். அந்தப் பாதிக் குவியலைத் தினமும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா, முணுமுணுத்துக்கொண்டே.

கேட்டி பேட்டர்சன் 2007இல் ஐஸ்லாந்துப் பனியாறு உருகி விழுகிற ஏரிக்குள் மைக்கை இறக்கி, ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார், கூப்பிட்டால் உருகுகிற சத்தம் கேட்கும். அந்த எண் இப்போது வேலை செய்யாது என்று தெரிந்தும் ஒருநாள் போன் பண்ணிப் பார்த்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

மார்ச் 28

அலிஸ் நகர்த்தியது 10 சென்டிமீட்டர். 10 மீட்டர் என்று தட்டிவிட்டேன். 500 பேர் முதுகு ஒடிந்தது 10 சென்டிமீட்டருக்கு. தப்பாகத் தட்டியதைச் சுட்டிக்காட்டிய மூன்று பேருக்கும் நன்றி, மூன்றாமவர் அவ்வளவு கோபப்பட்டிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 3

செயற்கை நுண்ணறிவுத் திரைகள் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை என்கிறார்கள். ரெஃபிக் அனடோல் 2022இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பையே தீனியாகக் கொடுத்து, ஓயாமல் உருமாறும் ஒரு பெரிய திரையை அங்கேயே வைத்தார். அதை நான் பார்க்கவில்லை, அதே ரகத்தில் வேறொன்றைப் பார்த்தேன். நாலு நிமிஷம் பிரமிப்பு. வண்ணம் அலையாகப் புரள்கிறது, நுரைக்கிறது, எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். ஐந்தாவது நிமிஷம் அது எதையும் தவறவிடாது என்று புரிந்துவிட்டது. எந்த அலை வந்தாலும் சரியான அலைதான். கை ஜில்லென்று இருப்பதாகச் சொல்ல அங்கே யாரும் தேவையில்லை.

கேள்வி கேட்டவரே, உங்கள் மூன்று வரி இதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 9

புல்வெளிப் பக்கம் போகாமலே இருந்தேன், அந்தப் பெரியவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இன்று வேறு வேலையாகப் போனபோது மாட்டிக்கொண்டேன். தூரத்திலிருந்தே கையைக் காட்டி நிறுத்தினார். சட்டைப் பையில் துழாவி ஒரு சாவியை எடுத்து நீட்டினார். சின்னச் சாவி, பித்தளை, பல்லில் மண் ஒட்டியிருந்தது. அன்றைக்கு நான் கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் தேடினாராம், அடுத்த நாளும் வந்தாராம். ஒற்றையடிப் பாதைப் பக்கம் கிடைத்ததாம்.

"இதுதானே?" என்றார்.

இல்லை என்று எப்படிச் சொல்வேன்? வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 10

இத்தனை பேர் திட்டுவீர்கள் என்று நினைக்கவில்லை. யாரோ பூட்டைத் திறக்க முடியாமல் நிற்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். நாளைக்குக் காலையில் அந்தப் பாதை ஆரம்பிக்கிற இடத்தில் உள்ள கம்பியில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ஒரு சிவப்பு நூலில் கட்டித் தொங்கவிடப் போகிறேன். பெரியவர் வருகிற நேரத்துக்கு முன்னால் போய்விட வேண்டும்.